கறுப்புப் பட்டையும் கள்ள ஓலையும்

2016 ஆகஸ்ட் முதல் பத்து நாட்களுக்குள் திருவனந்தபுரத்தில் நடந்த கூத்து பலருக்கு ஞாபகமிருக்கும். காலையில் எழுந்து செல்போனைப் பார்த்தவர்களுக்கு, "உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டது" என்று வரிசையாக எஸ்எம்எஸ். கார்டு தலையணைக்கடியில் பத்திரமாக இருக்கிறது. பணமோ மும்பை ஏடிஎம்களில் போய்க்கொண்டிருக்கிறது. விசாரித்தால் எல்லோரும் வெள்ளையம்பலம் ஆல்தறை சந்திப்பில், ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூரின் ஒரே ஏடிஎம்மில் கார்டைச் செருகியவர்கள். அந்தக் கூண்டுக்குள் மேலே புகை எச்சரிக்கைக் கருவி மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே கேமரா. வெளிநாட்டவர்கள் அதைப் பொருத்துவது வங்கியின் சொந்த கேமராவிலேயே பதிவாகியிருந்தது! யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஒரு ருமேனியா நாட்டுக்காரர் மும்பையில் சிக்கினார். கூட்டாளிகள் அதற்குள் நாட்டை விட்டே போய்விட்டார்கள்.

அந்த வாரம் விழிஞ்ஞத்திலிருந்து சித்தப்பா கூப்பிட்டார். எனக்கு இங்கே டொராண்டோவில் நடுராத்திரி. "மக்கா, ஒனக்க பைசா இருக்காடே? பாத்தியா?" என்றார். என் இந்திய வங்கிக் கணக்கோடு இணைந்த செல்போன் எண் அவர் வீட்டு அலமாரியில்தான் கிடக்கிறது. எனக்கு வரவேண்டிய எஸ்எம்எஸ் எல்லாம் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு மேலே ஒரு ஓட்டு வீட்டில் வந்து விழும். பணம் பத்திரமாக இருந்தது. ஆனால் அன்றைக்குத் தூக்கம் போனது போனதுதான். சரி, இந்தத் திருட்டு எங்கிருந்து கிளம்பியது என்று நோண்டத் தொடங்கினேன்.

முதல் குற்றவாளி கார்டின் பின்பக்கத்துக் கறுப்புப் பட்டை. 1960களின் தொடக்கத்தில் ஐபிஎம் பொறியாளர் ஃபாரஸ்ட் பாரி, அமெரிக்க உளவுத்துறையான சிஐஏவுக்கு அடையாள அட்டை செய்துகொண்டிருந்தார். காந்த நாடாவைப் பிளாஸ்டிக்கில் ஒட்டவேண்டும். எந்தப் பசையும் சரிவரவில்லை. வீட்டில் துணி தேய்த்துக்கொண்டிருந்த மனைவி, இஸ்திரிப் பெட்டியை வைத்து ஒட்டிப் பாருங்களேன் என்று சொன்னாராம். ஒட்டிக்கொண்டது. உலகம் முழுக்கப் பையில் வைத்துச் சுற்றும் பட்டை பிறந்த கதை இது. ஆள் இன்னார் என்று காட்டுவதற்காகப் பிறந்த பொருளே ஆள்மாறாட்டத்துக்கு வாகாகப் போனதுதான் வேடிக்கை.

ஏன் வாகு? பட்டையில் இருப்பது வெறும் எழுத்து. கார்டு எண், காலாவதி தேதி, இன்னும் சில குறிகள். ஒவ்வொரு முறையும் அதே எழுத்துதான். ஏடிஎம்மின் வாயில் கள்ள வாயொன்றை ஒட்டினால் கார்டு உள்ளே போகும்போதே படியெடுத்துவிடலாம். அந்தப் படியை ஒரு வெற்றுப் பிளாஸ்டிக்கில் ஏற்றினால் மூலத்துக்கும் படிக்கும் மெஷினால் வித்தியாசம் சொல்ல முடியாது. நாலு இலக்க ரகசிய எண் மட்டும் பட்டையில் கிடையாது. அதற்குத்தான் ஆல்தறையில் கூரையில் கேமரா. விரலைக் கையால் மறைத்துக்கொண்டு எண்ணைத் தட்டுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். மேலேயிருந்து பார்க்கிற அந்தக் கண்ணுக்கு எதிராக நம் கையில் இருந்த ஒரே ஆயுதம் அந்த உள்ளங்கைதான்.

மூலம், படி என்றதும் நமக்குத் திருவெண்ணெய்நல்லூர் ஞாபகம் வராமல் போகுமா? சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் வழக்கு. மணப்பந்தலில் ஒரு கிழவர் வந்து, "நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இருக்கிறது" என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவரோ அசரவில்லை. கிழிந்தது படி, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார். ஊர்ச்சபை என்ன செய்தது? கிழவர் பேச்சையும் நம்பவில்லை, மாப்பிள்ளை பேச்சையும் நம்பவில்லை. பாட்டனார் கையெழுத்துள்ள வேறொரு ஓலையைக் கொண்டுவரச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது. வந்த கிழவர் யார் என்பது வேறு கதை. எனக்குப் பிடித்தது அந்தச் சபையின் நடைமுறை. உரிமை கொண்டாடுகிறவன்தான் நிரூபிக்கவேண்டும். நிரூபணமும் அவன் பெட்டிக்குள் பூட்டி வைத்ததாக இருக்கக் கூடாது, எல்லோர் கண்ணுக்கும் முன்னால் வரவேண்டும்.

விழிஞ்ஞம் பக்கத்து ஆட்களுக்கு இது புதிசில்லை. இந்த ஊரின் பழைய வரலாற்றில் பாதி செப்பேடுகளில்தான் கிடைக்கிறது. ஆய் மன்னர்களின் துறைமுகக் கோட்டையான விழிஞ்ஞத்தைப் பாண்டியன் நெடுஞ்சடையன் அழித்ததை அவனுடைய சீவரமங்கலச் செப்பேடு சொல்கிறது. பிற்பாடு சோழர்கள் பிடித்து இராசேந்திர சோழபட்டினம் என்று ஊருக்குப் பெயரையே மாற்றிவிட்டார்கள். (ஊருக்கே அடையாளத் திருட்டு! ஆனால் பழைய பெயர்தான் கடைசியில் ஜெயித்தது.) அந்தக் காலத்துச் செப்பேடு எப்படி இருக்கும் என்று அருங்காட்சியகத்தில் பார்த்திருப்பீர்கள். ஏடுகளைத் துளையிட்டு ஒரு வளையத்தில் கோர்த்து, வளையத்தின் இரு முனையையும் சேர்த்து அதன்மேல் அரசனின் இலச்சினையைப் பதித்திருப்பார்கள். நடுவில் ஒரு ஏட்டை மாற்றிச் செருகவேண்டுமானால் முத்திரையை உடைத்தாகவேண்டும். உடைத்தது தெரிந்துவிடும்.

இன்னும் கொஞ்சம் வடக்கே, கொல்லத்தில், கி.பி. 849ல் வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் தரிசாப்பள்ளிக்குக் கொடுத்த செப்பேட்டைப் பாருங்கள். கொடை விவரம் வட்டெழுத்தில். கடைசியில் சாட்சிகள். கடல் வணிகர்கள், பல நாட்டுக்காரர்கள். அவரவர் எழுத்திலேயே கையொப்பம் போட்டிருக்கிறார்கள். அரபு எழுத்தில் சிலர், பாரசீகத்தின் பஹ்லவியில் சிலர், ஹீப்ரு எழுத்தில் சிலர். கள்ள ஏடு அடிக்க நினைப்பவன் நாலு எழுத்து கற்கவேண்டும்! ஆயிரத்து நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய அந்த ஏற்பாட்டோடு ஒப்பிட்டால், இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிய பட்டை ரொம்பச் சோனி.

இதெல்லாம் தெரிந்துமா வங்கிகள் பட்டையைக் கட்டிக்கொண்டு அழுதன என்று கேட்கலாம். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: பணம் போனால் நஷ்டம் யாருக்கு?

1958 செப்டம்பரில் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் பாங்க் ஆஃப் அமெரிக்கா சுமார் 60,000 பேருக்கு, யாரும் கேட்காமலேயே, கிரெடிட் கார்டைத் தபாலில் அனுப்பியது. தபால்பெட்டியிலிருந்து திருடினால் போதும், வேறு வித்தை தேவையில்லை. மற்ற வங்கிகளும் இதையே செய்ய, 1970ல் அமெரிக்கச் சட்டம் குறுக்கே வந்தது. கேட்காமல் கார்டு அனுப்பக்கூடாது. திருடன் எவ்வளவு செலவு செய்தாலும் கார்டுக்காரர் தலையில் 50 டாலருக்கு மேல் விழக்கூடாது. மீதி வங்கிக்கு. தன் காசு போகிறது என்றதும் வங்கி விழித்துக்கொண்டது.

பிரிட்டனில் நேர்மாறு. எங்கள் மெஷின் தப்பு செய்யாது, நீங்கள்தான் ரகசிய எண்ணை யாருக்கோ சொல்லியிருப்பீர்கள் என்று அங்கே வங்கிகள் சாதித்தன. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் ராஸ் ஆண்டர்சன் 1993ல் ஒரு கட்டுரை எழுதினார். நிரூபிக்கிற சுமையை வாடிக்கையாளர் மேல் போட்ட நாட்டில்தான் வங்கிகள் அசட்டையாக இருந்தன, மோசடியும் அங்கேதான் மலிந்தது என்பது அதில் அவர் காட்டியவற்றில் ஒன்று. அடுத்த வருஷமே ஒரு கொடுமை. தன் கணக்கில் பணம் காணோம் என்று புகார் கொடுத்த ஒரு போலீஸ்காரரை, பொய்ப் புகார் கொடுத்து ஏமாற்றப் பார்த்தார் என்று கோர்ட் குற்றவாளியாக்கியது. 1996ல் மேல்முறையீட்டில்தான் விடுபட்டார். அவர் தரப்பு நிபுணர் தங்கள் கம்ப்யூட்டரைச் சோதிக்க அந்த நிதி நிறுவனம் அனுமதிக்காததே காரணம். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையாக இருந்தால் முதல் நாளே "மூல ஓலையைக் கொண்டா" என்றிருக்கும். சிலம்பை உடைத்துப் பரலைப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்ன மதுரைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

நம்மூருக்கு வருவோம். சிப் வைத்த கார்டு ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு புதுக் குறியீட்டைத் தானே கணக்குப் போட்டுத் தரும். ஆகவே நேற்றைய படி இன்றைக்குச் செல்லாது. புதிதாகக் கொடுப்பதெல்லாம் சிப் கார்டாகவே இருக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2015ல் சொல்லியாயிற்று. பழைய பட்டைக் கார்டுகளை மாற்ற 2018 டிசம்பர் 31 வரை அவகாசம். ஆல்தறை அந்த இடைவெளியில்தான் நடந்தது. இரண்டே மாதத்தில், 2016 அக்டோபரில், நாடு முழுக்க சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளின் விவரம் கசிந்திருக்கலாம் என்று செய்தி வந்தது. அதற்குக் கள்ள வாயும் வேண்டியிருக்கவில்லை, கூரைக் கேமராவும் வேண்டியிருக்கவில்லை. ஏடிஎம்களை இயக்கும் ஒரு சேவை நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்குள்ளேயே வைரஸ் புகுந்திருந்தது. உள்ளங்கையால் மறைத்தவரும் தப்பவில்லை.

இதற்கப்புறம் வந்ததுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமானது. 2017 ஜூலை 6ஆம் தேதி ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை. வங்கியின் கவனக்குறைவு என்றால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் பூஜ்யம், புகார் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். வங்கி மேலும் தப்பில்லை, நம் மேலும் தப்பில்லை, மூன்றாவது ஆள் எங்கோ புகுந்துவிட்டான் என்றால், வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்தால் பூஜ்யம். நாலிலிருந்து ஏழு நாள் என்றால் ஒரு வரம்பு வரை நம் தலையில், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய். ரகசிய எண்ணை நாமே யாருக்காவது சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும்வரை போனது நம்முடையது, அதற்குப் பிறகு போவது வங்கியுடையது. எல்லாவற்றையும்விடப் பெரிய வரி ஒன்று அதில் இருந்தது. வாடிக்கையாளர் மேல் தப்பு என்று நிரூபிக்கவேண்டிய பொறுப்பு வங்கிக்கே. பாட்டன் ஓலைச் சட்டம்!

அப்புறம் 2019 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றத்தில் நீதிபதி பி.பி. சுரேஷ் குமார் கொடுத்த தீர்ப்பு. வெளிநாட்டில் வேலை பார்த்த ஒரு கணக்குக்காரரிடமிருந்து சுமார் 2.4 லட்சம் ரூபாய் ஏடிஎம் வழியாகப் போய்விட்டது. எஸ்எம்எஸ் அனுப்பினோமே, அவர் பதில் சொல்லவில்லையே, ஆகவே பொறுப்பு எங்களுக்கில்லை என்றது ஸ்டேட் வங்கி. எஸ்எம்எஸ் அனுப்பியதாலேயே பொறுப்பு தீர்ந்துவிடாது, அடிக்கடி எஸ்எம்எஸ் பார்க்கும் பழக்கம் இல்லாத கணக்குக்காரர்களும் இருப்பார்கள் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதைப் படித்தபோது விழிஞ்ஞத்து அலமாரியில் கிடக்கும் என் செல்போனைத்தான் நினைத்துக்கொண்டேன்.

தீர்ப்பு நம் பக்கம் என்பதற்காக ஏழு வருஷம் வழக்கு நடத்த யாருக்கும் ஆசையிருக்காது. அதனால் நம்மைப் போல் தூரத்தில் உட்கார்ந்து பொட்டி தட்டுகிறவர்களுக்குச் சில விஷயம். இப்போது திருடர்கள் பட்டையைத் தேடுவதில்லை. அவர்களுக்கு வேண்டியது ஓடிபி வரும் செல்போன் எண். ஊரில் வாங்கிய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் முடங்கும். முடங்கிய எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது 2023ல் உச்சநீதிமன்றம் வரை வந்த விஷயம். உங்கள் வங்கியின் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவர் போனில் அடிப்பதை யோசித்துப் பாருங்கள். அதற்கு முன்னாலேயே வங்கியில் எண்ணை மாற்றிவிடுங்கள். அல்லது சித்தப்பா மாதிரி ஒருவரிடம் கொடுத்து, மாதாமாதம் ரீசார்ஜ் செய்யச் சொல்லுங்கள். கூடவே மின்னஞ்சல் எச்சரிக்கையும் போட்டுக்கொள்ளுங்கள், அது நேரே உங்களுக்கே வரும்.

கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு, இணையப் பயன்பாடு ஆகியவற்றைத் தனித்தனியாகத் திறக்கவும் மூடவும் 2020ல் ரிசர்வ் வங்கி வழி செய்தது. நான் ஊருக்குப் போகும் மூன்று வாரம் தவிர என் இந்தியக் கார்டில் எல்லாமே மூடித்தான் கிடக்கிறது. ஆதாரில் கைரேகையைப் பூட்டும் வசதியும் இருக்கிறது. கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் வழியிலும் திருட்டு புகுந்துவிட்டதால் அதையும் பூட்டி வைத்தேன். சித்தப்பாவுக்குப் பூட்டவில்லை. ரேஷன் கடையில் விரல் வைக்கவேண்டும், ஒவ்வொரு தடவையும் திறந்து மூடுவது அவருக்கு ஆகாத வேலை. "நமக்க கணக்குல என்ன மக்கா இருக்கு, எடுத்துட்டுப் போட்டும்" என்கிறார். மீன்பிடிப் படகு இன்ஜின்களோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டிச் சேர்த்த பணம் அது. அவருக்கு மட்டும் கார்டின் ஒருநாள் வரம்பைக் குறைத்து வைத்துவிட்டேன்.

பணம் போய்விட்டால் இந்தியாவுக்குள் இருப்பவர்கள் 1930ஐக் கூப்பிடலாம். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ, அந்தப் பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் மடக்க அவ்வளவு வாய்ப்பு. வெளியே இருப்பவர்கள் மத்திய அரசின் சைபர் குற்றத் தளத்தில் எழுத்தில் கொடுக்கலாம். அதற்கும் முன்னால் கார்டை முடக்கவேண்டும். வங்கியின் அந்த எண் கார்டின் பின்பக்கம், கறுப்புப் பட்டைக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும். கார்டு தொலைந்த பிறகு அதை எங்கே போய்ப் படிப்பது? இப்போதே நாட்டுக் குறியீட்டோடு தனியாக எழுதி வையுங்கள். சித்தப்பா வீட்டில் அது காலண்டரில், டிசம்பர் பக்கத்துக்குப் பின்னால், கொட்டை எழுத்தில் இருக்கிறது :-)