அரச இலையும் ஒரு மறுப்புக் கடிதமும்



போன கிழமை தரம் 8 பிள்ளை ஒருவரின் கணிதக் கொப்பியைத் திருத்தும்போது கடைசிப் பக்கத்தில் என்னைக் கண்டேன். பெரிய மூக்கு, சின்னத் தொப்பி, கையில் வெண்கட்டி. வந்த கோபத்தில் சிவப்புப் பேனையால் குறுக்கே கோடு போட்டுவிட்டேன். அடுத்த நாள் அந்தத் தாளே கொப்பியில் இல்லை. பிள்ளை கிழித்துவிட்டிருந்தது.

அன்றிரவு ஆர்.கே.லக்ஷ்மன் நினைவுக்கு வந்தார்.

1921இல் மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை பாடசாலை அதிபர். அண்ணன் எழுத்தாளர் ஆர்.கே.நாராயண். சிறுவயதில் வகுப்பில் ஓர் இலை வரையச் சொன்னார்கள். லக்ஷ்மன் வரைந்த அரச இலையைப் பார்த்த ஆசிரியர் மனம்விட்டுப் பாராட்டினார். நான் ஓவியன்தான் என்ற எண்ணம் அவருக்குள் விழுந்தது அன்றுதான்.

உயர்தரப் படிப்பு முடிந்ததும் பம்பாய் ஜே.ஜே. ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். இங்கே மாணவராகச் சேரும் அளவுக்கு உமது சித்திரங்களில் திறமை இல்லை என்று கல்லூரித் தலைவரிடமிருந்து பதில் வந்தது.

லக்ஷ்மன் மைசூர் மகாராஜா கல்லூரியில் பீ.ஏ. படிக்கப் போனார். பென்சிலைக் கீழே வைக்கவில்லை. அண்ணனின் கதைகளுக்கு 'தி ஹிந்து'வில் படம் வரைந்தார், 'கொரவஞ்சி' என்ற கன்னட நகைச்சுவை இதழுக்கும் வரைந்தார். நாட்டு நடப்பைக் கேலியாகச் சொல்ல கை மட்டும் பழகினால் போதாது, நாட்டையும் படிக்க வேண்டும். அந்தப் பாடம் ஓவியக் கல்லூரிக்கு வெளியேதான் அவருக்குக் கிடைத்தது என்று எனக்குப் படுகிறது.

பின்னர் அதே பம்பாயில் 'டைம்ஸ் ஒஃப் இந்தியா'வில் 50 வருடங்களுக்கு மேல் வரைந்தார். ஆரம்பத்தில் இந்திய மக்களைக் காட்ட ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் ஆளாகப் பெரிய கூட்டத்தையே வரைவாராம். பத்திரிகை அச்சுக்குப் போகும் அவசரத்தில் அது சரிவரவில்லை. ஒவ்வொருவராக அவரே கழித்துக்கொண்டு வந்தார். கடைசியில் மிஞ்சியவர் கட்டம் போட்ட கோட்டும் வேட்டியும் அணிந்து, ஒரு வார்த்தையும் பேசாத 'சாமானிய மனிதர்'. மற்றவர் மறுத்ததைத் தாங்கியவர், தன் கோடுகளைத் தானே மறுக்கவும் பழகிக்கொண்டார். 1984இல் மகசேசே விருது, 2005இல் பத்ம விபூஷண்.

எங்கள் நாட்டிலும் ஒருவர் இருந்தார். கட்டடக்கலை படிக்கப் பம்பாய் போய், கார்ட்டூனிஸ்டாகத் திரும்பிவந்த 'சுந்தர்' சிவஞானசுந்தரம். 'தினகரன்' பத்திரிகையில் சவாரித்தம்பரை வரைந்தவர், 1960களில் சொந்தமாகவே 'சிரித்திரன்' இதழைத் தொடங்கினார்.

லக்ஷ்மனுக்கு மறுப்புக் கடிதம் வருவதற்கு முன்பே ஓர் ஆசிரியரின் பாராட்டு கிடைத்திருந்தது. எங்கள் நமுனுகுல தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு முதலில் வருவதே சிவப்புக் கோடு?

நேற்று அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "நான் செய்தது பிழை" என்றேன். ஒரு வெள்ளைத் தாளும் கொடுத்தேன். "மூக்கு அப்படியே வரட்டுமா சேர்?" என்று கேட்டது. "அப்படியே வரட்டும்" என்றேன்.

ஆசிரிய நண்பர்களே, கொப்பியின் கடைசிப் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள்.