போகம்பறையில் முடிந்த இல்லறம்

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் சாலையில் தெல்தெனியவைத் தாண்டினால் மெதமஹநுவர, அதையும் கடந்தால் ஹுன்னஸ்கிரிய. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18ஆம் தேதி தன் ராணியருடன் பிடிபட்டது இந்த மலைப்பக்கத்தில்தான். பிடித்தவர்களில் முன்னால் நின்றவர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அல்லர், மன்னனின் அமைச்சராக இருந்த எகலப்பொல அதிகாரத்தின் ஆட்கள். மன்னனைக் காட்டுக்கொடியால் கட்டினார்கள். ராணியரின் காதணிகளை இழுத்துப் பறித்ததில் காதுமடல் கிழிந்து இரத்தம் வழிந்தது. அதற்கு ஒன்பது மாதம் முன்பு எகலப்பொல தன் மனைவியையும் பிள்ளைகளையும் அந்த மன்னனின் ஆணையால் பறிகொடுத்திருந்தார். ஒரு குடும்பத்தின் சாவு ஒரு இராச்சியத்தின் முடிவில் போய் நின்ற கதை இது. சிங்கள மக்கள் இதை இன்றும் மறக்கவில்லை. தமிழர்களாகிய நாமோ, கண்டியை ஆண்டவன் மதுரை நாயக்கர் வழிவந்தவன் என்று பெருமையோடு சொல்லிவிட்டு, இந்த இடம் வந்ததும் பேச்சை மாற்றிவிடுகிறோம். மாற்ற வேண்டியதில்லை. அந்தத் துயரம் உண்மையானது. அதை ஓர் இனத்தின் மேல் குற்றமாகச் சுமத்தியவர்கள் ஆங்கிலேயர். துக்கப்பட்டவர்கள் அப்படிச் சுமத்தவில்லை.

நடந்ததை முதலில் கூசாமல் சொல்லிவிட வேண்டும். சப்ரகமுவவின் திசாவையாகவும் (மாகாண ஆளுநர்) இருந்த எகலப்பொல, 1814இல் மன்னன் அழைத்தபோது கண்டிக்குத் திரும்பாமல் கலகத்தில் இறங்கினார். அது தோற்றதும் ஆங்கிலேயர் பகுதிக்குத் தப்பிப் போனார். அவருடைய குடும்பம் கண்டியில் காவலில் இருந்தது. மே 17ஆம் தேதி நாத தேவாலயத்துக்கும் விஷ்ணு தேவாலயத்துக்கும் இடைப்பட்ட வெளியில் பிள்ளைகளைத் தாயின் கண்முன்னே வெட்டினார்கள். மூத்தவன் பயந்து தாயைப் பற்றிக்கொள்ள, தம்பி மத்தும பண்டார முன்னால் வந்து தலை கொடுத்தான். பால்குடிக் குழந்தையையும் விடவில்லை. துண்டித்த தலைகளை உரலில் போட்டு இடிக்கச் சொன்னபோது, மறுத்தால் அதைவிடப் பெரிய அவமானம் காத்திருக்கிறது என்று தெரிந்த அந்தத் தாய், எகலப்பொலவின் மனைவி குமாரிஹாமி, உலக்கையை ஒருமுறை தூக்கி விழவிட்டாள். பிறகு அவளைப் போகம்பறைக் குளத்தில் அமிழ்த்திக் கொன்றார்கள்.

உரலும் உலக்கையும் ஜோன் டேவி என்ற இராணுவ வைத்தியர் 1821இல் வெளியிட்ட நூலில் வருகின்றன. வென்ற அரசின் ஊழியர் சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இராச்சியத்தைப் பிடித்தவர்களுக்குப் பழைய மன்னன் எவ்வளவு கொடியவனாகத் தெரிகிறானோ அவ்வளவு வசதி. ஆனால் அதே டேவி இன்னொன்றையும் எழுதுகிறார்: அரண்மனை தவிர்ந்த கண்டி நகரம் முழுவதும் ஒரே சாவு வீடாகிவிட்டது, அடுப்புப் பற்றவைக்கவில்லை, சமைக்கவில்லை. பெண்ணொருத்தியைப் பகிரங்கமாகத் தண்டித்துக் கொல்வது அந்நாட்டுக்குப் புதிது என்பதையும் குறிப்பிடுகிறார். உரலை ஒதுக்கிவிட்டாலும், தாயும் பிள்ளைகளும் கொல்லப்பட்டதும் ஊர் துக்கம் காத்ததும் அப்படியே நிற்கின்றன. மன்னனுக்காக வாதாட இதில் எதுவும் மிஞ்சவில்லை.

எகலப்பொலவின் பாசத்தைச் சந்தேகிப்பவர்கள் உண்டு. மனைவி மக்கள் மன்னன் கையில் இருக்கும்போது கலகம் செய்தவனுக்கு என்ன அன்பு, சிம்மாசன ஆசைதானே என்பார்கள். ஆசை இருந்தது; 1815க்குப் பிறகு பழைய பதவியை ஏற்க மறுத்து, பிரித்தானிய அரசின் நண்பன் என்ற பெயர் போதும் என்று அவர் சொன்னதில் அரசுரிமை பற்றிய எதிர்பார்ப்பு ஒளிந்திருந்ததாகவே பலர் படிக்கிறார்கள். ஆனால் பிரதானிகள் மாகாணங்களுக்குப் போகும்போது குடும்பத்தைத் தலைநகரில் விட்டுப்போவது வழக்கம். பெண்களைக் கொல்லும் வழக்கமோ இல்லை. மனைவியின் உயிருக்கு ஆபத்து வராது என்று அவர் கணக்குப் போட்டிருக்க இடமுண்டு. அந்தக் கணக்குப் பிழைத்ததற்கான தண்டனையை அவர் உயிருள்ளவரை சுமந்திருப்பார் என்பது என் எண்ணம். வெறும் பதவி ஆசை மட்டுமே என்றால், வெற்றி நிச்சயமான நாளில் ராணியரின் காதைக் கிழிக்கும் அளவு மூர்க்கம் அவருடைய ஆட்களுக்கு ஏன் வந்தது?

இந்தத் துயரத்தை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட விதம் வேறு. 1815 மார்ச் 2ஆம் தேதி கண்டியில் வாசித்த ஒப்பந்தம், விசாரணையில்லாத கொலைகளையும் சித்திரவதைகளையும் 'மலபார்', அதாவது தமிழ், மன்னனின் கொடுமை என்று சொல்லித் தொடங்குகிறது. அவனை நீக்குவதோடு நிற்கவில்லை. அவனுடைய ஆண் உறவினர் எவரும் அனுமதியின்றிக் கண்டி மாகாணங்களில் கால்வைக்கக் கூடாது என்றும் விதிக்கிறது. பிடிபட்ட மன்னன் செய்த குற்றத்துக்கு அவன் வம்சமே நாடு கடத்தப்பட்டது. மன்னன் 1816இல் வேலூர்க் கோட்டைக்குப் போய், 1832 ஜனவரி 30ஆம் தேதி அங்கேயே இறந்தான்.

கண்டி மக்களும் இதைத் தமிழ்க் கொடுமை என்றுதானே பார்த்திருப்பார்கள் என்று ஒருவர் கேட்டால், பதில் குமாரிஹாமியின் சொந்த வீட்டிலிருந்தே வருகிறது. அவள் கெப்பெட்டிப்பொல திசாவையின் உடன்பிறந்தவள். 1817இல் ஊவாவில் எழுந்த கலகத்தை அடக்க ஆங்கிலேயர் அனுப்பிய அந்தத் திசாவை, அவர்கள் கொடுத்த துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கலகக்காரர்களோடு சேர்ந்தார். அவர்கள் மன்னனாக நிறுத்தியிருந்தவன் தன்னைத் துரைசாமி என்ற நாயக்க இளவரசன் என்று சொல்லிக்கொண்டவன். உண்மையில் அவன் வில்பாவ என்ற சிங்களவன். அவனுக்கும் ஆள் சேர்க்க ஒரு நாயக்கப் பெயர் வேண்டியிருந்தது! கெப்பெட்டிப்பொல அரசியல் தேவைக்காகத்தான் அவன் பின்னால் நின்றார் என்றே வைத்துக்கொள்வோம். அந்த இனமே தன் சகோதரியைக் கொன்றது என்று அவரும் அவர் பின்னால் வந்த ஆயிரக்கணக்கானோரும் நினைத்திருந்தால், அந்தப் பெயர் தேவைக்கும் உதவியிருக்காது. கொலைக்கு மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது, காயம் ஆறுகிற காலமல்ல.

1818 நவம்பர் 26ஆம் தேதி கெப்பெட்டிப்பொலவின் தலையையும் வெட்டினார்கள், சகோதரி மாண்ட அதே போகம்பறையில். அவருடைய மண்டையோட்டை ஹென்றி மார்ஷல் என்ற வைத்தியர் எடின்பரோவுக்குக் கொண்டுபோனார். பின்னாளில் அது திரும்பி வந்து, 1954இல் தலதா மாளிகையின் முன்றலில் அடக்கமானது. அந்தக் கலகத்தின்போது எகலப்பொலவையும் ஆங்கிலேயர் கைதுசெய்தார்கள். விசாரணை என்று ஒன்றை நடத்தவேயில்லை. 1825இல் மொரீஷியசுக்கு அனுப்பினார்கள், 1829இல் அங்கேயே இறந்தார். விசாரணையில்லாத தண்டனையைக் காரணம் காட்டி ஒரு மன்னனை நீக்கியவர்கள் அவர்கள்.

ஹுன்னஸ்கிரியவின் தேயிலைத் தோட்டங்களில் வாழ்பவர்கள் கோப்பிக் காலத்திலிருந்து வந்த தொழிலாளர்களின் சந்ததியினர். நாயக்கர் அரண்மனைக்கும் அவர்களுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அந்தப் பிள்ளைகளுக்குக் கண்டி வரலாறு சொல்லித்தரும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: 1814 மே 17ஐச் சொல்லாமல் தாண்டிப் போகாதீர்கள். குமாரிஹாமியைப் பற்றிச் சொல்லும்போது, அவளுடைய சகோதரன் துரைசாமி என்ற பெயருக்குப் பின்னால் நின்று போரிட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.