ஒரு கேதம் என்றால் யாரைக் கூப்பிடுவது?

சென்ற காலாண்டில் நம் குடியிருப்பில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். இரவு பதினொரு மணிக்கு ஒரு போன். அரை மணி நேரத்தில் ஐஸ் பெட்டி, சாமியானா, நாற்காலி, ட்யூப்லைட் எல்லாம் வந்து இறங்கின. கொண்டு வந்தவர்கள் ஓர் அப்பாவும் மகனும். "தாத்தா காலத்துல இருந்து இதான் சார்" என்றார் மகன்.

அந்தத் தாத்தா காலத்தைக் கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்காவில் சவப்பெட்டி செய்த தச்சர்களும் மரச்சாமான் கடைக்காரர்களும்தான் நாளடைவில் இறுதிச் சடங்கு நிறுவனம் நடத்தும் குடும்பங்கள் ஆனார்கள். கடை, போர்டு, ரசீது எல்லாம் உண்டு. பிடித்தால் மகன் தொடரலாம்.

நம் கம்பம் பள்ளத்தாக்கு கிராமங்களில் கடை கிடையாது. சேதி சொல்ல, பாடை கட்ட, பறையடிக்க, சங்கு ஊத, குழி வெட்ட என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பம், அதுவும் சாதிப்படி. கூலியாகக் களத்து நெல்லும் கோடித்துணியும். பிடிக்கவில்லை என்று மகன் சொல்ல முடியாது. (கம்பம், உத்தமபாளையம் பக்கம் முஸ்லிம்களிடம் வேறு வழக்கம். சந்தூக்கு பள்ளிவாசலுக்குப் பொது, ஜமாஅத்தார் தோள் மாற்றித் தூக்குவார்கள்.)

வாரிசு முறைக்குச் சட்டமே இருந்தது. மதராஸ் மாகாணத்தின் 1895-ஆம் ஆண்டு பரம்பரை கிராமப் பணிகள் சட்டம் முன்சீப், கர்ணம் முதல் வெட்டி, தோட்டி வரை தொட்டது. வெட்டியான் வரி வசூலுக்கு ஓடியாடும் ஊழியர், மயான வேலையும் அவர் தலையில். வாரிசு என்பதற்காகவே பதவி தருவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1960-ல், ஆந்திராவின் ஒரு முன்சீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், முன்சீப் பதவிகளையே ஒழித்தது. பெரிய பதவிகள் குடும்பத்தை விட்டுப் போயின. குழி வெட்டும் வேலை மட்டும் பல ஊர்களில் அதே வீடுகளிலேயே நின்றுவிட்டது.

ஐஸ் பெட்டியும் வேனும் வந்த பிறகுதான் இது கடன் வாங்கி, வாடகை பேசி நடத்தும் தொழிலானது. பேசிய தொகையைக் கேட்டு வாங்கலாம். என் கணக்கில் அது சின்ன மாற்றம் இல்லை.

அன்று இரவு எல்லோருக்கும் டம்ளரில் காப்பி வந்தது. அவர்கள் இருவருக்கு மட்டும் பேப்பர் கப். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெட்டி லிஃப்டில் நுழையாததால் மூன்று மாடி படியேறித் தூக்கி வந்தவர்கள் அவர்கள்தான். செயற்குழுவில் இரண்டையும் பேச வேண்டும், லிஃப்டையும் டம்ளரையும்.

அவர்கள் எண் வாட்ச்மேன் அறையில் எழுதி ஒட்டியிருக்கிறது. கடைப் பெயர் கேட்டேன். "இன்னும் போர்டு வைக்கல சார், தாத்தா பேர்லதான் வைக்கணும்" என்றார்.