எதிர்காற்றும் பின்காற்றும்

ஆங்கிலத்தில் 'பை அண்டு லார்ஜ்' என்றொரு சொற்றொடர் உண்டு. அலுவலகக் கடிதங்களிலும் மேடைப் பேச்சுகளிலும் அதனை நாம் அடிக்கடி கேட்கிறோம். 'பொதுவாக', 'பெரும்பாலும்', 'மொத்தத்தில்' என்று பொருள் கொள்கிறோம். பொருளில் பிழையில்லை. ஆனால், 'பை' என்பதற்கும் 'லார்ஜ்' என்பதற்கும் தனித்தனியே அகராதியைப் புரட்டினால் இப்பொருள் எளிதில் கிட்டாது. அது பிறந்த இடம் கடல்.

பாய்மரக் கப்பல் காற்றுக்கு நேர் எதிரே செல்ல இயலாது. காற்று வரும் திசையை இயன்றவரை நெருங்கி, பாயை இறுக்கிக் கட்டி, சாய்வாகச் செல்லலாம். அந்நிலையை ஆங்கில மாலுமிகள் 'பை' என்றனர். காற்று பின்புறமாக வீச, பாய் புடைத்து விரைந்து செல்லும் நிலையை 'லார்ஜ்' என்றனர். இரு நிலையிலும் தளராது செல்லும் கப்பலே நல்ல கப்பல். 1669-ஆம் ஆண்டில் சாமுவேல் ஸ்டர்மி என்னும் கப்பல் தலைவர் மாலுமிகளுக்கென வெளியிட்ட நூலில் இவ்விரு சொற்களும் இணைந்து நிற்கின்றன. நாளடைவில் அத்தொடர் கரையேறி, 'எல்லா நிலைகளையும் சேர்த்து நோக்குமிடத்து' என்ற பொதுப் பொருளைப் பெற்றது.

கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் வாழும் நம்மவர்க்கு இது அயலார் கதையன்று. அந்நூல் வெளிவருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1663-இல், போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றினர். மிளகை நாடி வந்த கப்பல்கள் யாவும் காற்றுக்குக் கட்டுப்பட்டவை. அரபு நாட்டு மரக்கலங்கள் தென்மேற்குப் பருவக்காற்றைத் துணைகொண்டு வந்து, வடகிழக்குக் காற்றில் திரும்பின. இடவப்பாதி மழை உச்சத்திலிருக்கும் நாட்களில் இக்கரையை நெருங்க மாலுமிகள் அஞ்சினர்.

அக்கப்பல்கள் தங்கிய கொச்சித் துறையோ பெரியாற்றின் கொடை. 1341-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்து, கொச்சியின் முகத்துவாரத்தை அகலத் திறந்தது என்பர். அதே ஆறுதான் ஆலுவாவில் இரண்டாகப் பிரிகிறது. மகா சிவராத்திரி நாளில் மணற்புறத்தில் நின்று அதனைக் காண்பவர், 'பெரியாறு பொதுவாகச் சாந்தமானது' என்றே சொல்வர். அது பின்காற்றை மட்டும் கண்டவர் சொல். 1924-இல் அந்த ஆறு பெருகியதை, கொல்லம் ஆண்டு 1099 என்பதால், மலையாளிகள் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று இன்றும் நினைவுகூர்கின்றனர். 2018 ஆகஸ்டில் ஆலுவா மீண்டும் வெள்ளத்துள் ஆழ்ந்தது. அருகிலுள்ள நெடும்பாசேரி விமான நிலையம் இரு வாரங்கள் மூடப்பட்டிருந்தது. ஆற்றோரத்தில் மனை வாங்குவோர் கோடைக்கால நீரை மட்டும் அளந்து பார்த்தால் போதாது.

ஆகவே, இத்தொடரை வழங்கும் முறையும் தெளிவாகிறது. எண்ணிச் சொல்ல வேண்டிய கணக்குக்கு அது ஏற்றதன்று. சாதகம், பாதகம் இரண்டையும் எடைபோட்டு, சில விலக்குகள் உண்டென்று ஒப்புக்கொண்டு, கூறும் முடிவுக்கே அது பொருந்தும். வேற்று மாநிலத்தில் குடியேறிய நாம் ஊருக்குக் கடிதம் எழுதுகையில், 'இவ்வூரார் பொதுவாக இத்தகையர்' என்று எளிதில் எழுதிவிடுகிறோம். வந்த முதல் மாதத்தில் கிடைத்த உபசாரத்தையோ, ஒரு நாள் சந்தையில் கேட்ட கடுஞ்சொல்லையோ கொண்டு அவ்வாறு எழுதுதல் முறையாகாது. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அவர்களோடு வாழ்ந்த பின்னர் எழுதுவோமானால், அச்சொல்லுக்கு உரிய மதிப்பைத் தந்தவராவோம்.