குப்பை அள்ளப் பிறந்த வரி

சென்னையின் வீட்டு வரிக்கு வயது மூன்றரை நூற்றாண்டை நெருங்குகிறது. 1678 வாக்கில் புனித ஜார்ஜ் கோட்டைக் கவர்னராக இருந்த ஸ்ட்ரெய்ன்ஷம் மாஸ்டர் தெருக்களைச் சுத்தம் செய்ய ஆள் நியமித்து, அந்தச் செலவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று விதித்தார். வரி பிறந்த கையோடு எதிர்ப்பும் பிறந்தது. கோட்டைக்கு வெளியே இருந்த கருப்பர் நகரத்துக் குடிகள், வேண்டாம் என்று மனு கொடுத்தார்கள்.

எட்டு வருஷம் கழித்து, 1686இல், விவகாரம் முற்றியது. ஊருக்கு மதில் கட்ட வேண்டும், அதற்கான காசை ஊர்தான் தர வேண்டும் என்றது அப்போதைய கவர்னர் வில்லியம் கிஃபோர்டின் நிர்வாகம். மக்கள் கடைகளை அடைத்தார்கள். பணிந்து வராதவர்களின் வீட்டை இடித்துவிடுவோம் என்று கோட்டையிலிருந்து மிரட்டல் வந்தது. வசூல் அதிகாரிக்கும் வீட்டுக்காரருக்கும் நடக்கும் சண்டையில் அன்றிலிருந்து இன்றுவரை தொனிதான் கொஞ்சம் மாறியிருக்கிறது.

இந்தச் சண்டையை லண்டனிலிருந்து கவனித்துக்கொண்டிருந்த ஜோசையா சைல்டு, கிழக்கிந்தியக் கம்பெனியை நடத்திய பெரும் வியாபாரி. மக்களாட்சி மேல் அவருக்குக் காதல் எதுவும் இல்லை. கணக்கு தெரியும், அவ்வளவுதான். அதட்டி ஆறு பென்ஸ் பிடுங்குவதைவிட, ஊர்க்காரர்களே கூடி விதித்துக்கொண்டால் ஐந்து ஷில்லிங்கூட மனமுவந்து கொடுப்பார்கள் என்று வாதாடினார். ஐந்து ஷில்லிங் என்றால் அறுபது பென்ஸ், பத்து மடங்கு! 1687 டிசம்பர் 30 தேதியிட்ட சாசனத்தின்படி 1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி தொடங்கியது. நகர மண்டபம், சிறை, பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்காக வரி போடும் அதிகாரம் அதற்குக் கிடைத்தது. அதாவது, இந்த வரியை வசூலிக்கத்தான் நம் மாநகராட்சியே உண்டானது என்று சொன்னால் பெரிய தப்பில்லை.

மாநகராட்சி மன்றம் வந்தது, வரி வரவில்லை. மேயர் நதானியேல் ஹிக்கின்சனையும் ஆல்டர்மென் எனப்பட்ட பன்னிரண்டு மன்ற உறுப்பினர்களையும் கம்பெனிதான் பொறுக்கி எடுத்திருந்தது. அவர்களில் உள்ளூர்க்காரர்கள் இருந்தாலும், இது நம் சபை என்று ஊர் நம்பவில்லை. சைல்டின் பேரத்தில் பாதி மட்டும் நிறைவேறியது. அந்தப் பாதியில் காசு இல்லை.

அடுத்த நூற்றாண்டுகளை வேகமாகத் தாண்டிவிடலாம். 1793இல் பிரிட்டிஷ் பாராளுமன்றச் சட்டம் வழியாக, வீட்டின் ஆண்டு மதிப்பில் இருபதில் ஒரு பங்குவரை வரி போடலாம் என்று ஆனது. 1919ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டமும் இந்த ஆண்டு மதிப்பையே பிடித்துக்கொண்டது. வீட்டை விற்றால் என்ன விலை போகும் என்று அது பார்க்கவில்லை. வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு எவ்வளவு வரும் என்று பார்த்தது. இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது: வாடகை ஏற ஏற வரி ஏட்டிலும் ஏற்றாவிட்டால் வரி உறங்கிவிடும்.

உறங்குமுன் அது செய்த இரண்டு நல்ல காரியங்களைச் சொல்லியாக வேண்டும். 1920 செப்டம்பரில், பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியம் சிற்றுண்டி கொடுக்க மன்றம் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்று நிபந்தனை. மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது பரவியது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவழிக்கக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு மறுத்ததால் 1925இல் நின்றது. பிற்காலத்தில் நாடே பேசிய மதிய உணவின் விதை, உள்ளூராட்சிப் பணத்தில் விதைத்தது. இரண்டாவது நூலகம். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியால் 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. இன்று ரூபாய்க்குப் பத்துக் காசு. கிளை நூலகத்தில் பேப்பர் புரட்டும் பெரியவர், யாரோ கட்டிய வீட்டு வரியின் ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

1973 டிசம்பரில் மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996இல்தான் நடந்தது. 1998இல் சென்னையில் வரியை மாற்றியமைத்தார்கள். அதன்பின் இருபது வருஷம் யாரும் தொடவில்லை. வாடகை எங்கோ போய்விட்டது, ஏடு அங்கேயே நின்றது. 2011இல் 174 சதுர கிலோமீட்டர் நகரம் 426 ஆக விரிந்தது. மழைநீர் வடிகால், விளக்கு, சாலை என்று செலவும் விரிந்தது. பெரிய பாக்கிக்காரர்களின் கடை வாசலில் தண்டோரா போட்டுப் பார்த்தது மாநகராட்சி. தெருவே வேடிக்கை பார்த்தது. ஆனால் குறைவாக மதிப்பிட்ட வரியை ஒழுங்காகக் கட்டுகிறவரிடம் எந்தத் தண்டோராவும் பலிக்காது.

2018இல் ஏற்றினார்கள், 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள். உள்ளாட்சித் தேர்தல் வந்துகொண்டிருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பிறகு 2022 ஏப்ரல். பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிவரை உள்ள குடியிருப்புக்கு 50 சதவீத உயர்வு, 1,800 சதுர அடியைத் தாண்டினால் 150 சதவீதம். சிறிய வீட்டுக்குக் குறைவு, பெரிய வீட்டுக்கு அதிகம் என்ற படிநிலை நியாயம்தான். ஆனால் முடிவு யாருடையது? சொத்து வரியைச் சீர்செய்யாவிட்டால் மானியம் கிடையாது என்றது பதினைந்தாவது நிதிக் குழு. அதைக் காட்டி அறிவித்தது மாநில அரசு. அப்போதுதான் தேர்வாகி வந்திருந்த மன்றம் பின்னால் தீர்மானம் போட்டது.

சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுனில் மேயர் இவான் அகி-சாயர் 2020இல் செய்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். செயற்கைக்கோள் படத்தை வைத்து ஏட்டில் ஏறாத வீடுகளைக் கண்டுபிடித்தார்கள். கூரை, இடம் என்று வெளியில் நின்றே பார்க்கக்கூடியவற்றுக்குப் புள்ளி போட்டு வரி கணக்கிட்டார்கள். பங்களாக்காரருக்கு ஏறியது, குடிசைக்காரருக்கு இறங்கியது. ரேடியோவிலும் வார்டுக் கூட்டங்களிலும் விளக்கம் சொன்னார்கள். அங்கும் மேலே இருந்த அரசு இடையில் நிறுத்திவைத்தது என்பது வேறு கதை.

இந்தியாவில் சொத்து வரி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை. சென்னையில் செல்போனிலேயே கட்டலாம், அரையாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் 5 சதவீதத் தள்ளுபடியும் உண்டு. கட்டும் வழி எளிதாகிவிட்டது, கேட்கும் வழிதான் இன்னும் அடைத்துக் கிடக்கிறது. வரியைத் தீர்மானிப்பது மன்றமாகவும் செலவைக் காட்டுவது வார்டாகவும் இருந்தால் மட்டுமே சைல்டின் ஐந்து ஷில்லிங் கைக்கு வரும். 2022 நவம்பரிலிருந்து நகரங்களில் வார்டு மக்கள் கூடும் பகுதி சபைகள் நடக்கின்றன. அடுத்த கூட்டத்துக்கு உங்கள் வரி ரசீதோடு போங்கள். நம் வார்டில் வசூல் எவ்வளவு, நம் வார்டுக்குச் செலவு எவ்வளவு என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.