கூடிப் பேச ஓர் இடம்: கல்வராயன் மலை ஆசிரியர்களின் தொழில்வளர்ச்சியில் இணையவழித் தளங்கள்

1. சிக்கல்

60 குழந்தைகள் வரை படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும், தமிழ்நாட்டின் கல்வராயன் மலை போன்ற பகுதிகளில், ஐந்து வகுப்புகளை இருவர் சுமக்கும் நிலைக்கு இந்த வரையறை இட்டுச்செல்கிறது. ஒருவர் விடுப்பு எடுத்தால் முழுப் பள்ளியும் மற்றவர் பொறுப்பு. பாடம் ஏன் பிடிபடவில்லை என்று கலந்து பேச, அதே வகுப்பை எடுக்கும் இன்னோர் ஆசிரியர் அங்கே இல்லை. இந்தத் தனிமையைப் போக்கும் அளவுக்கே இணையவழித் தளம் தொழில்வளர்ச்சிக்குப் பயன்படும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. இருப்பவை

பள்ளிக் கல்விக்கான தேசிய இணையத்தளமான தீக்ஷா 2017 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. 2019 ஆகஸ்டில் நேரடிப் பயிற்சியாகத் தொடங்கிய தேசிய ஆசிரியர் பயிற்சித் திட்டமான நிஷ்தா, பெருந்தொற்றுக் காலத்தில், 2020 அக்டோபரில், தீக்ஷா வழியே இணையத்துக்கு வந்தது. மலையிலிருந்து இறங்காமலே, வகுப்பை மூடாமலே பயிற்சி பெற முடிந்தது உண்மையான ஆதாயம். ஆனால் காணொலி, வினாடிவினா, சான்றிதழ் என்னும் வரிசையில் ஆசிரியர் கேட்பவராகவே இருக்கிறார். தம் வகுப்பைப் பற்றிச் சொல்ல அங்கே இடம் குறைவு. வாட்ஸ்அப் குழுக்களில் பேச வழியுண்டு. ஆயினும் சுற்றறிக்கையும் எமிஸ் என்னும் பள்ளித் தரவுத் தளத்தின் நினைவூட்டலும் நிரம்பிய, அதிகாரிகளும் பார்க்கும் குழுவில், ‘என் பிள்ளைகளுக்கு இது வரவில்லை’ என்று எந்த ஆசிரியர் எழுதுவார்?

3. கூட்டுப்பணி

கல்வி ஆய்வாளர் ஜூடித் வாரன் லிட்டில் 1990இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்புகளையும் அனுபவங்களையும் பரிமாறுவதால் மட்டும் ஆசிரியரின் தனிமை உடைவதில்லை, பொறுப்பைப் பகிரும் கூட்டுப்பணியே அதை உடைக்கிறது என்று வாதிட்டார். ஒரு குழந்தை 52−27=35 என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். விடை தவறு என்பதோடு திருத்தம் முடிந்துவிடலாம். பெயரை மறைத்து அந்த நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்துச் சிறு குழுவில் பகிர்ந்தால், குழந்தை ஒன்றாம் இடத்தில் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது என்பது புலப்படும். ஒருவர் குச்சிக் கட்டுகளை அவிழ்த்துக் காட்டலாம் என்பார். இன்னொருவர் அதைச் செய்து பார்த்து மறுவாரம் விளைவைச் சொல்வார். குழந்தைகளைக் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்கும், தமிழ்நாட்டின் எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கு (2022) இத்தகைய உரையாடல் இன்றியமையாதது.

4. மறுப்பும் விடையும்

மலையில் சிக்னல் சீராகக் கிடைக்காதே என்பது நியாயமான மறுப்பு. நேரலை வகுப்புக்கு அது தடைதான். ஆனால் மேற்சொன்ன சிறு குழுவுக்குப் படமும் குரல்பதிவும் சிக்னல் வரும்போது போய்ச் சேர்ந்தால் போதும். நேர்முகச் சந்திப்புக்கு ஈடில்லை என்பதும் சரியே. ஆகவே தளம், அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் நேரில் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்கு மாற்றாக அமையாமல், இரு கூட்டங்களுக்கு இடைப்பட்ட நாட்களை இணைக்க வேண்டும்.

5. முடிவு

பள்ளிக்கல்வித் துறை ஆசிரியர்களும் பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியர்களும் ஒரே மலையின் குழந்தைகளுக்கே கற்பிக்கின்றனர். இரு தரப்பினரும் சேர்ந்த, பத்துப் பேருக்கு மேற்படாத குழுக்கள் வேண்டும். அவற்றில் நிர்வாகச் செய்தி வரக்கூடாது; அங்கே நடக்கும் உரையாடல் பயிற்சி நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். எத்தனை சான்றிதழ்கள் என்பதைவிட, எத்தனை வகுப்பறைச் சிக்கல்கள் கூடிப் பேசித் தீர்ந்தன என்பதே இணையவழித் தளங்களின் வெற்றிக்கு அளவுகோலாக வேண்டும்.