மூன்றாவது சாளரம்



சென்ற வாரம் கல்வராயன் மலைமேல் ஏறியிருந்தேன். அஸ்திவாரத்தோடு நிற்கும் நம் சிற்றாலயத்தின் அருகே வயது முதிர்ந்த தாயார் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, என் கண் மூடுமுன் இது முடியுமா?" நான் உடனே பதில் சொல்லவில்லை. மலையிறங்கும்போது மெதக் பேராலயம் என் நினைவுக்கு வந்தது.

தெலங்கானாவின் மெதக்கில் பஞ்சம் வாட்டிய நாட்களில், மெதடிஸ்து மிஷனெரி சார்லஸ் வாக்கர் பாஸ்னெட் பசித்தவர்களுக்கு ஆகாரத்தைப் பிச்சையாக அல்ல, உழைப்பின் கூலியாக அளித்தார். அவர்கள் கரங்களால் எழும்பிய ஆலயம் 1924 டிசம்பர் 25 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களை உருவாக்கியவர் பிராங்க் சாலிஸ்பரி என்னும் ஆங்கிலேய ஓவியர்.

இவர் 1874இல் ஹார்ப்பெண்டன் என்னும் ஊரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். பதினைந்தாம் வயதில் தம் தமையனின் கண்ணாடித் தொழிற்கூடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். வண்ணக் கண்ணாடியைத் துண்டுகளாக வெட்டுவார்கள். முகத்தின் கோடுகளைத் தீட்டுவார்கள். சூளையிலிட்டுச் சுட்டபின் ஈயப் பட்டைகளால் இணைப்பார்கள். சூளையின் நெருப்பைக் கடவாத வர்ணம் மழைக்கு நிலைத்து நிற்பதில்லை. பின்னர் அவர் ராயல் அகாடமியில் பயின்று, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவையும் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டையும் ஓவியமாக்கிப் புகழ்பெற்றார்.

அரசர்களை வரைந்த அதே கரம், பஞ்சத்தில் கல் சுமந்தவர்களின் ஆலயத்துக்காகவும் வரைந்தது. 1927இல் பலிபீடத்தின் பின்புறம் ஆண்டவரின் பரமேறுதல் ஒளிர்ந்தது. அவருடைய பிறப்பைக் காட்டும் சாளரம் 1947இல் வந்தது; சிலுவைக் காட்சியோ 1958இல்தான் வந்தது. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே 31 ஆண்டுகள்! அப்போது ஓவியர் எண்பது வயதைக் கடந்திருந்தார்.

கல் சுமந்தவர்களில் பலர் அந்தச் சிலுவைச் சாளரத்தைக் காணாமலே உறங்கியிருப்பார்கள். ஆயினும் அதற்குரிய இடம் அவர்கள் எழுப்பிய சுவரிலேயே இருந்தது.

பிரியமானவர்களே, நம்மில் பலர் கூலி வேலைக்காக மலையிறங்கி வெளியூர் போகிறோம். அந்தக் கூலியிலிருந்து எடுத்து வைக்கும் காணிக்கை மிகச் சிறியதே என்று சிலர் வெட்கப்படுகிறோம். வெட்கப்பட வேண்டாம். மெதக்கின் சுவர்களும் பசித்தவர்களின் உழைப்பால் நிற்பவையே.

அந்தத் தாயாருக்கு இப்பொழுது பதில் சொல்கிறேன்: அம்மா, எப்பொழுது முடியும் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் சுவரை எழுப்புவோம். அதில் சாளரத்துக்கு இடம் விட்டுவைப்போம். நம் பிள்ளைகள் அதன் வழியாக வெளிச்சத்தைக் காணட்டும்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.